ஷிப்ட் டெலீட்: நான் தெரியாமல் சொன்ன ஒரு பொய்

1/ கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலைக் குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாம நேரடியா அழிக்க ஷிப்டையும் டெலீட்டையும் சேர்த்து அமுக்குவோம் இல்லையா? அதை நம்பி ஒரு பேஷண்டுக்கு நான் கொடுத்த வாக்கைப் பத்தின திரெட் இது. கொஞ்சம் நீளம். டாக்டர்கள், பழைய லேப்டாப் விக்கப் போறவங்க, போன் எக்சேஞ்ச் பண்ணப் போறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ நான் தோல் மருத்துவர். எங்க துறையில போட்டோ எடுக்காம வேலை ஓடாது. மூணு மாசம் மருந்து போட்ட பிறகு புள்ளி குறைஞ்சிருக்கா, பரவியிருக்கான்னு ஞாபகத்தை வச்சுச் சொல்ல முடியாது. முதல் நாள் எடுத்த படத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் தெரியும். அதனால முகம், முதுகு, தொடை, சில சமயம் அதைவிட அந்தரங்கமான இடங்கள் எல்லாமே எங்க கேமராவுல இருக்கும்.

3/ சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு சிகிச்சைக்கு வந்தாங்க. (அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாத்தியிருக்கேன்.) கழுத்துலயும் இடுப்புலயும் வெண்புள்ளி. இது தொத்து வியாதி இல்ல, குஷ்டமும் இல்ல. 'வெண்குஷ்டம்'னு சொல்றதே தப்பு. ஆனா கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்ல உட்கார்ந்து இதை யாருக்கும் புரியவைக்க முடியறதில்ல.

4/ ஒன்றரை வருஷம் மருந்து, லைட் ட்ரீட்மெண்ட். நல்ல முன்னேற்றம். ஒரு நாள் அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. ரொம்பத் தயங்கிக் கேட்டாங்க: "சார், அந்த போட்டோ எல்லாம் இன்னும் இருக்கா? அழிச்சிட முடியுமா?" அம்மா மெதுவா சேர்த்துக்கிட்டாங்க: "வரன் பார்த்துட்டு இருக்கோம் சார்." எனக்குப் புரிஞ்சது. "சிகிச்சைக் குறிப்பு என்கிட்ட இருக்கட்டும். போட்டோவை இப்பவே எடுத்துடுறேன்"னு சொன்னேன்.

5/ லேப்டாப்பை அவங்க பக்கம் திருப்பி வச்சேன். அவங்க ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் டெலீட். "நிரந்தரமா அழிக்கணுமா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன். ஒரு நொடி. அப்புறம் ரீசைக்கிள் பின்னையும் திறந்து காட்டினேன். காலி. "பாரும்மா, குப்பைத்தொட்டியிலகூட இல்ல. போயிடுச்சு. இனி யாராலயும் எடுக்க முடியாது." புள்ளி குறைஞ்சப்போகூட அவங்க முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்ல.

6/ நாலு வருஷம் கழிச்சு அதே லேப்டாப் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துடுச்சு. புதுசு வாங்கினேன். பழசை எங்க கிளினிக்ல வேலை பார்க்கிறவரோட பையனுக்குப் படிக்கக் கொடுக்கலாம்னு முடிவு. எல்லாத்தையும் புதுசுல காப்பி பண்ணியாச்சுன்னு நினைச்சு, டி டிரைவ்ல இருந்த ஃபோல்டர்கள் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, பழக்க தோஷத்துல ஷிப்ட் டெலீட்.

7/ ராத்திரி வீட்ல கேட்டாங்க, "பாப்பாவோட முதல் பிறந்தநாள் வீடியோ புதுசுல எங்க இருக்கு?" தேடினேன். இல்ல. அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் காப்பி ஆகல. வேற எங்கயும் பிரதி கிடையாது. ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். நாலு வருஷம் முன்னாடி பெருமையா திறந்து காட்டின அதே காலித் தொட்டி.

8/ டேட்டா மீட்டுக் கொடுக்கிற ஒரு தம்பியோட நம்பரை நண்பர் கொடுத்தார். போன்ல அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், அதுல இனி எதுவும் பண்ணாதீங்க. சாஃப்ட்வேர் எதையும் டவுன்லோட் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணி எடுத்துட்டு வாங்க." பாம்பு கடிச்சவரை நடக்க விடாதீங்கன்னு நாங்க சொல்ற மாதிரியே இருந்துச்சு.

9/ மறுநாள் சாயங்காலம் கூப்பிட்டார். போனேன். திரையில சின்னச் சின்னதா ஆயிரக்கணக்கான படங்கள். பல படங்களுக்குப் பேர் போயிருந்துச்சு, வெறும் எண்தான். பாப்பா வீடியோ இருந்துச்சு. கண்ணு கலங்கிடுச்சு. சந்தோஷத்துல கீழ உருட்டிக்கிட்டே போனேன். ஒரு முதுகு. ஒரு பாதம். அப்புறம் ஒரு கழுத்து. மெல்லிசா ஒரு சங்கிலி, வெள்ளைப் புள்ளி, அளவுக்காகப் பக்கத்துல வச்ச ஸ்கேல். அந்த ஸ்கேலைப் பிடிச்சிருக்கிறது என் கை.

10/ அடுத்த படத்துல அவங்க முகமே இருந்துச்சு.

11/ அந்தத் தம்பி நல்லவர். "நோயாளிங்க படம்னு தெரிஞ்சதும் நான் மேற்கொண்டு பார்க்கல சார். நீங்களே பாருங்க"ன்னு மானிட்டரை என் பக்கம் திருப்பிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டார். அவர் நல்லவரா இருந்தது என் அதிர்ஷ்டம். என் வாக்கைக் காப்பாத்தினது என் அறிவு இல்ல, முன்பின் தெரியாத ஒருத்தரோட கண்ணியம்.

12/ அது எப்படி நாலு வருஷமா உள்ளேயே இருந்துச்சு? அந்தத் தம்பிகிட்ட உட்கார்ந்து பாடம் கேட்டேன். அப்புறம் நானும் படிச்சேன். புரிஞ்சதை நம்ம பாஷையில சொல்றேன்.

13/ அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமை நினைச்சுக்கோங்க. ஒரு பெரிய ரிஜிஸ்டர். இன்னார் ஃபைல் இத்தனாவது ரேக், இத்தனாவது தட்டுன்னு எழுதியிருக்கும். உள்ள ரேக்குல ஃபைல்கள். ஹார்ட் டிஸ்க்கும் இப்படித்தான். விண்டோஸ்ல அந்த ரிஜிஸ்டருக்கு 'மாஸ்டர் ஃபைல் டேபிள்'னு பேர்.

14/ சாதாரணமா டெலீட் அமுக்கினா என்ன ஆகுது? ரிஜிஸ்டர்ல முகவரி மட்டும் மாறுது. 'இந்த ஃபைல் இப்போ ரீசைக்கிள் பின்னில்'னு. விண்டோஸ் 95-ல இருந்து நம்மகிட்ட இருக்கிற வசதி இது. கை தவறினா திரும்ப எடுத்துக்கலாம்.

15/ ஷிப்ட் டெலீட் அமுக்கினா? ரிஜிஸ்டர்ல அந்தப் பதிவு மேல ஒரு கோடு. 'இந்தத் தட்டு காலி, வேற யாருக்காவது கொடுக்கலாம்'னு ஒரு குறிப்பு. அவ்வளவுதான். ரேக்குல ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கு. புது ஃபைல் ஒண்ணு வந்து அதே தட்டுல உட்கார்ற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். என் டி டிரைவ் பாதிகூட நிறையல. அதனால நாலு வருஷமா யாரும் அந்தத் தட்டைக் கேட்கவே இல்ல.

16/ இதுக்கு ஆதாரம் உங்க வீட்லயே இருக்கு. ஒரு சினிமாவைக் காப்பி பண்ணப் பல நிமிஷம் ஆகுது. அதையே அழிக்க ஒரு நொடி. ஏன்? காப்பி பண்றப்போ முழுப் படத்தையும் எழுதணும். அழிக்கிறப்போ ஒரு கோடு மட்டும் போட்டாப் போதும். அத்தனையையும் உண்மையிலேயே அழிச்சா அந்த வேகம் வராது. நான் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பயன்படுத்தியும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்ல.

17/ மீட்கிற சாஃப்ட்வேர் ரிஜிஸ்டரை நம்பாது. ஒவ்வொரு தட்டாப் போய்ப் பார்க்கும். ஜேபெக் படம் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி சில பைட்டுகளோட ஆரம்பிக்கும். அந்த ஆரம்பத்தைக் கண்டா 'இங்க ஒரு போட்டோ இருக்கு'ன்னு எடுத்துடும். பேர் இல்லாம படம் மட்டும் வந்தது அதனாலதான்.

18/ இதே வேலையைச் செய்ற வேற வழிகளும் இருக்கு. மேக்ல ஆப்ஷன், கமாண்ட், டெலீட் மூணையும் சேர்த்து அமுக்கினா குப்பைத்தொட்டியைத் தாண்டிடும். லினக்ஸ் டெர்மினல்ல ஆர்எம் கமாண்ட் கொடுத்தா தொட்டின்னு ஒண்ணே கிடையாது. விண்டோஸ்ல பென் டிரைவ் ஃபைலைச் சும்மா டெலீட் பண்ணாலே பொதுவா ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரா போயிடும். பல பேர் அங்கதான் ஏமாறுறாங்க.

19/ பெரிய கம்பெனிகளும் மாட்டியிருக்கு. 1998-ல பிக்ஸார்ல 'டாய் ஸ்டோரி 2' படம் உருவாகிட்டு இருந்தப்போ யாரோ ஒருத்தர் கொடுத்த ஒரு அழிப்பு கமாண்ட், கண்ணு முன்னாடியே படத்தோட ஃபைல்களை ஒவ்வொண்ணா முழுங்கிடுச்சு. பேக்கப்பைத் தேடினா அதுவும் சரியா வேலை செய்யல. கைக்குழந்தையோட வீட்ல இருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன்ங்கிற தொழில்நுட்ப இயக்குநர்கிட்ட இருந்த பிரதிதான் கைகொடுத்துச்சு.

20/ அது இழந்தவங்க கதை. என் கதை இன்னொரு பக்கம், அழிஞ்சதுன்னு நம்பினவங்க கதை. அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட்னு எம்ஐடி மாணவர்கள் ரெண்டு பேர் பழைய ஹார்ட் டிஸ்க் 158 வாங்கிச் சோதிச்சாங்க. 2003-ல வெளியான கட்டுரை. வேலை செஞ்ச 129-ல ஒழுங்கா அழிக்கப்பட்டிருந்தது வெறும் 12. மத்ததுல கிரெடிட் கார்டு எண்கள், காதல் கடிதங்கள், ஆமா, மருத்துவப் பதிவுகளும்.

21/ இப்போ ஒரு முக்கியமான வித்தியாசம். மேல சொன்னது பழைய, சுத்துற ஹார்ட் டிஸ்க் கதை. இப்போ வர்ற லேப்டாப்கள்ல பெரும்பாலும் எஸ்எஸ்டி. அதுல ஃபைலை அழிச்சா 'டிரிம்'னு ஒரு கட்டளை போகும். 'இந்தத் தட்டு வேண்டாம்'னு டிஸ்க்குக்கே தெரிஞ்சிடும். அது தன் வசதிப்படி தட்டைச் சுத்தம் பண்ணிடும். அதனால எஸ்எஸ்டில தவறுதலா ஷிப்ட் டெலீட் பண்ணா மீட்கிறது ரொம்பக் கஷ்டம்.

22/ 'அப்போ எஸ்எஸ்டில அழிச்சா கவலையில்ல'ன்னு நினைச்சுடாதீங்க. எப்போ சுத்தம் பண்ணும், எதை விட்டு வைக்கும்னு நம்ம கையில இல்ல. மேக்ல 'பாதுகாப்பா குப்பையைக் காலி செய்'னு ஒரு வசதி இருந்துச்சு. இந்த வகை டிஸ்க்ல அதுக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு ஆப்பிளே 2015-ல அதை எடுத்துடுச்சு. சுருக்கமா: ஷிப்ட் டெலீட், மீட்கணும்னு நினைச்சா போயிடலாம். போகணும்னு நினைச்சா இருந்துடலாம். ரெண்டு பக்கமும் நம்ப முடியாது.

23/ இனி செய்ய வேண்டியது. முதல்ல, தவறுதலா அழிச்சவங்களுக்கு:
• அந்த டிஸ்க்கை அப்படியே நிறுத்துங்க. எஸ்எஸ்டியா இருந்தா உடனே ஆஃப்.
• மீட்கிற சாஃப்ட்வேரை அதே டிஸ்க்ல ஏத்தாதீங்க. நீங்க தேடுற ஃபைல் மேலயே அது போய் உட்காரலாம்.
• மீட்டதை வேற டிஸ்க்லதான் சேமிக்கணும்.
• கிளவுட், பழைய போன், சொந்தக்காரங்களுக்கு அனுப்பின வாட்ஸப், எல்லாத்தையும் தேடுங்க.

24/ உண்மையிலேயே அழிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு:
• முதல் நாளே டிஸ்க்கைப் பூட்டி வைங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர், மேக்ல ஃபைல்வால்ட். பூட்டின டிஸ்க்கோட சாவி அழிஞ்சா உள்ள இருக்கிறது யாருக்கும் புரியாத எழுத்து.
• பழைய ஹார்ட் டிஸ்க்னா காலி இடம் முழுக்க மேல எழுதணும். விண்டோஸ்ல 'சைஃபர்'னு ஒரு கமாண்ட் இதைச் செய்யும். 35 தடவை எழுதணும்னு பழைய கதை ஒண்ணு உலாவுது. இந்தக் கால ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு தடவை முழுசா எழுதினாலே போதும்.

25/ 
• 'குயிக் ஃபார்மேட்' அழிப்பு இல்ல. அது ரிஜிஸ்டரை மட்டும் புதுசா வைக்கும்.
• எஸ்எஸ்டினா தயாரிப்பாளர் தர்ற 'செக்யூர் எரேஸ்' வசதியைப் பயன்படுத்துங்க.
• போனைக் கொடுக்கும்போது கேலரியை மட்டும் அழிச்சா போதாது. முழு ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க. இப்போதைய போன்கள் பூட்டோடதான் வருது, ரீசெட் அந்தச் சாவியை அழிச்சிடும்.
• கெட்டுப்போய் ஓடாத டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அப்படியே போடாதீங்க. உடைச்சுட்டுப் போடுங்க.

26/ ஒரு டிஸ்க்ல அழிச்சா மட்டும் போதாது, பிரதி எங்கெங்க இருக்குன்னு யோசிங்க. ஐபோன்ல அழிச்ச படம் 30 நாள் வரைக்கும் 'சமீபத்தில் அழித்தவை'யில இருக்கும். கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படம் 60 நாள் தொட்டியில இருக்கும். கேமரா மெமரி கார்டுலயும் நான் மேல சொன்ன ரெக்கார்டு ரூம் கதைதான். படத்தோட சின்ன உருவத்தை விண்டோஸ் தனியா ஒரு இடத்துல வச்சிருக்கும். அசலை அழிச்சாலும் அது தங்கியிருக்கலாம்.

27/ டாக்டர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எல்லாத்தையும் அழிக்கவும் நமக்கு உரிமை இல்ல. 2002 மருத்துவ நெறிமுறை விதிகள்படி உள்நோயாளி பதிவுகளை 3 வருஷம் வச்சிருக்கணும். அதே விதிகள், அடையாளம் தெரியற மாதிரி நோயாளி படத்தை அனுமதி இல்லாம மருத்துவ இதழ்லகூட வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. தன்னைப் பத்தின தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமையை 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுது. எதை வைக்கணும், எதை அழிக்கணும், ரெண்டும் நம்ம வேலை. வாட்ஸப் குரூப்ல 'ஒப்பீனியன் ப்ளீஸ்'னு போடுற படம் எத்தனை போன்ல இறங்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

28/ கதைக்கு வர்றேன். அன்னைக்கு அந்தக் கடையிலயே உட்கார்ந்தேன். பாப்பா வீடியோவை ஒரு வெளி டிஸ்க்குக்கு மாத்தினோம். தம்பியோட மெஷின்ல மீட்டு வச்சிருந்த பிரதிகளையும் என் டி டிரைவையும் மேல எழுதி அழிச்சோம். டி டிரைவுக்கு மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முடிஞ்ச பிறகு அதே மீட்கிற சாஃப்ட்வேரைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஒண்ணும் வரல. அப்போதான் எழுந்தேன்.

29/ ஆனா அவங்ககிட்ட சொல்லணுமே. போன் பண்ணலாமான்னு யோசிச்சேன். கல்யாணம் ஆயிடுச்சு, யார் எடுப்பாங்களோ, தோல் டாக்டர் ஏன் கூப்பிடுறார்னு கேள்வி வருமோ. சொல்லாமலே விட்டுடலாம்னும் தோணுச்சு, மறைக்கல. இப்போதான் ஆபத்து இல்லையே, எதுக்கு அவங்க மனசைக் கலைக்கணும்னு எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு மாசம் கழிச்சு வழக்கமான செக்கப்புக்கு அவங்களே வந்தாங்க. தனியாத்தான் வந்தாங்க. சொல்லிட்டேன்.

30/ அமைதியா கேட்டாங்க. "அந்தப் பையன் பார்த்தாரா சார்?" "பார்த்திருக்கார்மா. சிலது. இப்போ எதுவும் இல்ல, சரிபார்த்துட்டேன்." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "அன்னைக்கு உங்களுக்கு இது தெரியாதா?" "சத்தியமா தெரியாதும்மா." "தெரியாம ஏன் சார் அவ்வளவு உறுதியா சொன்னீங்க?"

31/ என்கிட்ட பதில் இல்ல. டிபி மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துல இருமல் நின்னுடும். அதைப் பார்த்து 'நோய் போயிடுச்சு'ன்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டார். 6 மாசம் மருந்து, சளிப் பரிசோதனை, அப்புறம்தான் சொல்வோம். கண்ணுக்குத் தெரியலைங்கிறதும் இல்லைங்கிறதும் வேற வேறன்னு தினமும் பேஷண்டுகளுக்குப் பாடம் எடுக்கிற நான், காலியான ஒரு தொட்டியைக் காட்டி 'போயிடுச்சு'ன்னு சொல்லியிருக்கேன். எனக்குத் தெரியாத துறையில, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு.

32/ அவங்க கோபிச்சுக்கல. இன்னும் என்கிட்டதான் வர்றாங்க. இதை எழுதலாமான்னு கேட்டப்போ, "எழுதுங்க சார். மத்தவங்க கேட்டா தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க"ன்னு சொன்னாங்க.

33/ இப்போ எங்க கிளினிக்ல படங்கள் பூட்டின ஒரே டிஸ்க்லதான் இருக்கு. என் சொந்த போன்ல எடுக்கிறதில்ல. எடுக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்குறேன், முகம் தேவையில்லைன்னா முகத்தை எடுக்கிறதில்ல. யாராவது "அழிச்சிடுங்க டாக்டர்"னு கேட்டா உடனே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டறதில்ல. "ஒரு வாரம் டைம் கொடுங்க. எங்கெங்க பிரதி இருக்குன்னு பார்த்து அழிச்சு, சரிபார்த்துட்டுச் சொல்றேன்"னு சொல்றேன்.

34/ உங்க வீட்ல பழைய லேப்டாப், உடைஞ்ச போன், டிராயர்ல கிடக்கிற பென் டிரைவ் இருந்தா, கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த திரெட்டை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. உபயோகம்னு தோணுச்சுனா உங்க ஃபேமிலி டாக்டருக்கும் அனுப்புங்க.